நோய் வளர்த்த வயல்

பஞ்சாலையின் ஏழு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தபோது நான் வாய்க்கால் மதகில் நின்று வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் கலையவில்லை. வயலுக்குள் இறங்கியிருந்த என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்பா, கதிரக் காணமுங்க" என்றான்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். செம்பைக் காணோம், துண்டைக் காணோம் என்பதுபோல் சொன்னான். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோதும் இதே குரலில்தான், "அப்பா, கை மடங்க மாட்டேங்குதுங்க" என்று வந்து நின்றான். பெரிய அடி விழுந்தால் அவனுக்குக் குரல் இறங்கிவிடும்.

அது தை மாதத்து வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு அவனுடைய மேலதிகாரி அந்த வயலைப் பார்க்க மோட்டாரில் வருவதாக ஏற்பாடு. அவர் பார்க்க வேண்டியதே அந்தக் கதிர்களைத்தான்.

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் இறங்கி ஓடினேன். மகன் நட்டிருந்த மூங்கில் குச்சிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு குச்சியின் பக்கத்திலும் நெற்பயிர் நின்றது. தலையில் மட்டும் ஒன்றும் இல்லை. எலி கடித்தால் தாள் சாய்ந்து கிடக்கும். கிளி கொத்தினால் உமி சிதறிக் கிடக்கும். இது கருக்கரிவாளால் நிதானமாக அறுத்தது. குச்சியை அசைக்காமல், பக்கத்துப் பயிரை மிதிக்காமல், யாரோ மிகுந்த பக்குவத்தோடு அறுத்துப் போயிருந்தார்கள்.

அந்தக் கதிர்கள் எங்களுக்கு என்னவாக இருந்தன என்பதைச் சொல்ல, அந்த வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நொய்யல் வாய்க்காலின் கீழ் எங்களுக்கு இருந்த வயல்களில் அதுதான் கடைசி, அதுதான் பள்ளம். கிழக்கே தென்னை வரிசை. தெற்கிலும் வடக்கிலும் என் மச்சானின் கரும்பு. மேற்கே வாய்க்கால் கரை. காற்று நுழையாது; வெயில் ஏறி வரவும் நேரமாகும். மார்கழியில் மற்ற வயல்களில் பனி உலர்ந்த பிறகும் அங்கே இலை நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தில் குலைநோய் வரும். முதலில் இலையில் கண் போன்ற புள்ளி விழும்; நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பிறகு கதிரின் கழுத்துக் கறுத்து ஒடியும். ஒடிந்த கதிர் வெளுத்துத் தொங்கும். நெல்லை நசுக்கிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. சன்னச் சம்பா நட்ட ஆண்டுகளில் எல்லாம் அங்கே நாங்கள் வைக்கோலைத்தான் அறுத்தோம்.

அந்த நோயைத் தாங்கும் நெல் இல்லாமலில்லை. மலையடிவாரத்தில் விதைக்கும் ஒரு சிவப்பு மோட்டா நெல் எந்தப் பனிக்கும் அசையாது. ஆனால் அதன் சோற்றை மென்று முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும் என்பார்கள். தென்னைகளை வெட்டி, மண் அடித்து மேடாக்கி, அந்த மூலையை எப்படியாவது திருத்திவிட வேண்டும் என்று நான் வெகுகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் விவசாயப் படிப்பு முடித்துக் கோயமுத்தூரில் சர்க்கார் பண்ணை ஒன்றில், நெல் பிரிவில், தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். ஒருநாள் அவனைப் பார்க்கப் போனேன். பிறந்தது முதல் வயலில் நிற்கிற நான் நெல் பூப்பதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நெற்பூ முற்பகலில் கொஞ்ச நேரம் திறந்து மூடிக்கொள்கிறது. அது தானாகத் திறப்பதற்கு முன்பே அவன் சன்னச் சம்பாவின் உமி நுனியைக் கத்தரித்து, உள்ளே இருந்த மகரந்தப் பைகள் ஆறையும் மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தான். எடுக்கும்போது அவன் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. பிறகு மோட்டா நெல்லின் பூ விரிந்ததும் அந்தக் கதிரைக் கொண்டுவந்து மேலே மெதுவாகத் தட்டினான். ஏதாவது விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு காகிதப் பையால் மூடிக் கட்டினான்.

"அவ்வளவுதானுங்கப்பா. கலியாணம் முடிஞ்சுது."

"மேளம் இல்லாமலா?"

"மேளம் அடிச்சா தூள் பறந்துருமுங்க."

அந்தக் கலியாணத்தில் பிறந்த நெல்லை மறு ஆண்டு தொட்டிகளில் வளர்த்து, ஈரச் சாக்கால் மூடி, நோயை ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்று விடாமல் அத்தனையும் நோயில் விழுந்தன. நோய் ஏற்றாமல் தனியே வைத்திருந்த சில தொட்டிகளிலிருந்து அவன் விதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். ஊருக்கு வந்தபோது அதை என்னிடம் சொன்னான். மோட்டா நெல்லின் பலம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"எங்கயும் போகலீங்க. உள்ளதான் இருக்குது. மறைஞ்சு நிக்குது."

"மறைஞ்சு நிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் இடக்கையை நீட்டினான். அவனுடைய சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். என் தகப்பனாருக்கும் அப்படித்தான். எனக்கு விரல் நேராக இருக்கிறது. என் மனைவிக்கும் நேர்தான். அவள் என் அத்தை மகள், என் தகப்பனாரின் கூடப்பிறந்தவள் பெற்ற பெண்.

"உங்க ரெண்டு பேரு கையிலயும் இல்ல. அப்புறம் இது என்ற கைக்கு எப்படி வந்துதுங்க? உங்களுக்குள்ளயும் அம்மாவுக்குள்ளயும் தெரியாம ஒளிஞ்சுருந்துதான் வந்துருக்கோணும். நெல்லும் அதே மாதிரிதானுங்க. அடுத்த தலைமுறையில நாலுல ஒரு பங்கு வெளிய வரும்."

அவன் போன பிறகு நான் என் சுண்டுவிரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. அவருடைய விரலை நான் எனக்கே தெரியாமல் சுமந்து, என் பிள்ளையிடம் கொண்டு சேர்த்திருக்கிறேன். கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அந்த அடுத்த தலைமுறையை விதைப்பதற்குத்தான் அவன் என் பள்ளத்து வயலைக் கேட்டான். பண்ணை வயலில் வெயிலும் காற்றும் அதிகம். நோய் ஒழுங்காக ஊன்றுவதில்லை. நோய் இல்லாத இடத்தில் எல்லாப் பயிரும் நன்றாகத்தான் இருக்கும். எது தாங்கும் எது தாங்காது என்று எப்படிப் பிரிப்பது? அதனால் நோயை வளர்க்க வேண்டும். நான்கு ஓரத்திலும் சீக்கிரம் நோய் காணும் சம்பாவை நெருக்கி நடச் சொன்னான். எருவை அள்ளிக் கொட்டச் சொன்னான். மேலே சீமை உரத்தையும் தூவச் சொன்னான். பயிர் கொழுத்தால் நோய்க்குப் பிடிக்குமாம். நெல் நோய் கரும்புக்குப் போகாது என்பதால் மச்சானுக்கு இழப்பில்லை. ஆனால் அவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

"ஏனுங் மாப்ளே," என்று கரும்புக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். "ஊரெல்லாம் சீக்குக்கு வைத்தியம் பாக்குது. நீங்க மட்டும் சீக்குக்குத் தீனி போட்டு வளக்கறீங்களாமா?"

"ஆமாங் மச்சான். கொழுத்த பெறகு உங்க ஊட்டுக்கு ஓட்டி உடறேன்."

"வேண்டாமுங்க. உங்க தங்கச்சி ஒருத்தியவே எங்களால சமாளிக்க முடியல."

மார்கழியில் நோய் வந்தது. முக்கால் பங்கு பயிர் வெளுத்துத் தலை தொங்கிற்று. நடுநடுவே, கால் பங்கு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. ஒரு குத்து கருகியிருக்கும். பக்கத்துக் குத்து, வேரோடு வேர் பின்னிக்கொண்டு அதே பனியைக் குடித்த குத்து, தலை நிமிர்ந்து நிற்கும். நாலில் ஒன்று. ஒரு தலைமுறை முழுவதும் முகம் காட்டாமல் இருந்தது திரும்பி வந்து நின்றது. அன்று வரப்பில் செருப்போடு நிற்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நின்றவற்றிலும் பெரும்பாலானவற்றில் நெல் சிவப்பு மோட்டாவாக இருந்தது. சோற்றுக்கு உதவாத அவற்றை மகன் விட்டுவிட்டான். நோயும் தாங்கி, நெல்லும் சன்னமாக இருந்த குத்துகள் மிகச் சில. அவற்றுக்குத்தான் எண் எழுதிய மூங்கில் குச்சி நட்டான். அந்தக் குச்சிகளுக்குப் பக்கத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை கதிர் இல்லை.

நாங்கள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது என் மனைவி தென்னை வரிசையைத் தாண்டி வந்தாள். குளித்த ஈரத்தலை, நெற்றியில் குங்குமம், கையில் தேங்காய் மூடி.

"ஏனுங்க, அப்பனும் மவனும் கொக்காட்டம் நிக்கறீங்க?"

"கதிர யாரோ அறுத்துட்டாங்க" என்றேன்.

"யாரோ இல்லீங்க, நாந்தான்." சிரித்தாள். "விடியால தண்ணி வாத்துட்டு வந்து அறுத்தனுங்க. இவன் வெள்ளாமை சீக்குல தப்பிச்சா மொதக் கதிரு உனக்குன்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன்."

"நம்ம வேற வயல்ல இல்லாத நெல்லாம்மா?" என்றான் மகன்.

"வேற வயல்ல அறுத்தா சாமிய ஏமாத்தறதாயிராதா கண்ணு? உன்ற வெள்ளாமைக்கு வேண்டுனது உன்ற வெள்ளாமையிலதான் எடுக்கோணும். பழுதுபட்டத வெக்கக் கூடாது. முக்காவாசி சீக்குக் கதிரு. மிச்சத்துல பாத்தா அந்தச் செவப்பு மோட்டா. அதைக் கொண்டுபோயா அம்மனுக்குக் கட்டுவாங்க? கண்ணுப் புள்ளி உழுகாம, கழுத்து ஒடியாம, சன்னமா இருந்தது கொஞ்சூண்டு. ஒரு கட்டுக்கே பத்தல. அதான் ஒண்ணு உடாம எடுத்துட்டேன்." பிறகு அவன் முகத்தைப் பார்த்து, சமாதானம்போலச் சொன்னாள்: "உன்ற குச்சி ஒண்ணையும் அசைக்கல சாமி."

மகன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கண் புள்ளி இல்லை, கழுத்து ஒடியவில்லை, நெல் சன்னம்: பத்து மணிக்கு மேலதிகாரியிடம் சொல்ல அவன் வைத்திருந்தவை இவைதாம். அதே மூன்றையும் பார்த்து அவன் குச்சி நட்டிருந்தான். அவள் அம்மனுக்குக் குறையில்லாதது வேண்டும் என்று தேடி, அதே குத்துகளில் வந்து நின்றிருக்கிறாள். பரிசுத்தமானதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்ததனால்தான் எல்லாம் போயிற்று.

"அம்மா, அது சோத்துக்கு இல்லீங்க. விதை" என்றான். "அந்த விதை வேற எங்கயும் இல்லீங்க."

சொல்லிவிட்டு எழுந்து வாய்க்கால் கரையோடு நடந்தான். அந்தக் கரை மச்சானின் கிணற்றடிக்குப் போகிறது. பிள்ளை பெற்றவன் மனம் எங்கெல்லாமோ போகும். நான் சற்றுப் பின்னால், சத்தம் வராமல் நடந்தேன். அவன் மதகில் குனிந்து முகம் கழுவினான், திரும்பி என்னைப் பார்த்து, "ஏனுங்கப்பா பூனையாட்டம் வாரீங்க?" என்றான். நான் அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் என் மனைவி தேங்காய் மூடியை வரப்பில் வைத்துவிட்டாள். "நான் என்ன இடிச்சு அவலா தின்னுபோட்டேன்? கோயல்லதான கட்டித் தொங்குது. ரெண்டு பேரும் வாங்க."

மாரியம்மன் கோயில் வாய்க்கால் கரையிலேயே இருக்கிறது. வாசல் நிலையில் அந்தக் கதிர்க்கட்டுத் தொங்கியது. அதன் மேல் குருவிகள். நாங்கள் கிட்டே போவதற்குள் சில நெல் கீழே விழுந்தது. மகன் துண்டை வீசிக்கொண்டு ஓடினான்.

"தம்பி, குருவியத் தொரத்தாதீங்க," என்றார் பூசாரி. "அதுகளுக்கும்னுதான் கட்டறது."

"சித்தெ நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. மத்தியானம் என்ற பங்கு சோத்தையே போட்டர்றேன்."

விஷயத்தைச் சொன்னோம். பூசாரி நெற்றியைச் சொறிந்தார். "கட்டுன கதிர அவுக்கறது வழக்கமில்லீங்க. நானாக் குடுக்க முடியாது. அவளே குடுத்தாத்தான் உண்டு. வேணும்னா பூக் கேட்டுப் பாக்கலாம்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் செய்வது. நனைத்த பூவை அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஒட்ட வைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

பூ வைத்தார். இரண்டும் அசையவில்லை. என் மகன் வாசலில் நின்று குருவியை விரட்டுவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். வெயில் படியேறி உள்ளே வந்தது. என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. அம்மனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஆத்தா, குடுத்தத திருப்பிக் கேக்கற ஈனப் பொழப்பு எங்களுக்கு இல்ல. தெரியாமக் குடுத்துபோட்டேன். அவன் மூச்சப் புடிச்சுட்டுப் பண்ணுன வெள்ளாமை அது. திங்கறதுக்குக் கேக்கல, விதைக்கறதுக்குக் கேக்கறேன். ஊருல இருக்கற சீக்குக் காட்டுக்கெல்லாம் ஆகும்ங்கறான். நீயும் ஊருக்குத்தான தாயி? இந்தக் குருவி திங்கறதுக்குள்ள சொல்லிப்போடு."

வலது தோளில் இருந்த பூ விழுந்தது.

காய்ந்தால் பூ விழும் என்பது எனக்குத் தெரியும். எது முன்னால் காயும் என்பது எனக்குத் தெரியாது. என் மகனும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலில் ஒன்று தாங்கும் என்று சொல்கிற அவனுடைய கணக்கும், எந்த நாலில் எந்த ஒன்று என்று சொல்வதில்லை. பூசாரி கட்டை அவிழ்த்து, குங்குமம் தூவி, என் மனைவியின் மடியில் போட்டார்.

வீட்டில் கட்டைப் பிரித்தபோதுதான் அடுத்த அடி உறைத்தது. எந்தக் கதிர் எந்தக் குத்தினுடையது என்று தெரியவில்லை. எண்கள் நோட்டில் இருந்தன, குச்சிகள் வயலில் இருந்தன, நெல் மட்டும் எந்த எண்ணும் இல்லாமல் மடியில் கிடந்தது.

பத்து மணிக்குச் சைக்கிளில் ஒரு பியூன் வந்து, அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டதால் இன்று வரவில்லை என்றான். எனக்குப் போன உயிர் வந்தது. மகனுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாளே போய் நடந்ததை நடந்தபடி அவரிடம் சொல்லிவிட்டு வந்தான். அவர் கோபப்படவில்லையாம். அந்தப் பயிர்கள் உண்மையிலேயே நோயைத் தாங்கினவையா, அல்லது பனி சரியாகப் படாமல் தப்பித்தவையா என்று மட்டும் கேட்டிருக்கிறார். எண்ணும் இல்லாத நிலையில் அதை யார் சொல்ல முடியும்? ஒரு போகம் அவகாசம் கொடுத்தார். அடுத்த மார்கழியில் அதே வயலில் நோய் வர வேண்டும். நோயின் நடுவில் இவை நிற்க வேண்டும். அப்போது சொல்லி அனுப்பினால் வருவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் இந்த வேலை அதோடு முடிந்தது. மகனின் உத்தியோகமும் முடிந்தது.

மறு ஆடியில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று விதைத்தான். வரிசைகளைச் சுற்றி நோய்க்கென்று சம்பா. போன வருஷத்துச் சீக்கு வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் கட்டி வைத்திருந்தான். அதைத் துண்டு துண்டாக நறுக்கி ஓரங்களில் பரப்பினான். என்னிடம் ஒரு விஷயம் சொன்னான். மறைந்திருந்து வெளியே வந்த குணம் கலப்பில்லாமல்தான் வரும். அதனால் அவை நிஜமாகவே தாங்கும் பயிர்களாக இருந்தால், எந்தக் கதிர் எதனுடையது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எல்லா வரிசையும் முழுசாக நிற்கும். தப்பித்தவையாக இருந்தால் எல்லாம் விழும்.

பயிர் நன்றாக வந்தது. நோய் வரவில்லை.

கார்த்திகை போயிற்று. பனி இல்லை. கீழ்க்காற்று வறண்டு அடித்தது. பயிருக்கு நோய் வர வேண்டுமே என்று ஏங்கிய குடியானவன் என்னைத் தவிர இருப்பானா தெரியவில்லை. காலையில் எழுந்ததும் வயலுக்குப் போய் இலையைத் தடவிப் பார்ப்பேன். விரல் நனையாது. மச்சான் விடுவாரா?

"என்னுங் மாப்ளே, விருந்தாளி இன்னும் வரலியாட்ட இருக்குது. வெத்தல பாக்கு வெச்சு முறையா அழைச்சீங்களா?"

"உங்கூட்டுப் பக்கம் வந்திருந்தா அனுப்பி வையுங்க."

"எங்கூட்டுது ரோசக்காரச் சீக்குங்க. கூப்புடாத எடத்துக்கு வராது."

சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. மகனோ முகத்தில் எதையும் காட்டவில்லை. அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கு மட்டும் கேட்டது.

மார்கழி பிறந்து சில நாட்களில் காற்று நின்றது. மறுநாள் காலையில் தென்னை மட்டைகளிலிருந்து மழைபோலச் சொட்டியது. எதிரே வரும் மாட்டைக் கழுத்து மணியை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. ஓரத்துச் சம்பாவில் முதல் கண் விழுந்தது. பிறகு ஓரம் முழுவதும் விழுந்தது. நோய் உள்ளே நகர்ந்து, வரிசைகளின் பக்கத்தில் வந்து நின்றது.

ஒரு காலை நான் வரிசையில் குனிந்து பார்த்தேன். இலையில் புள்ளி இருந்தது. ஒரு இலையில் மட்டுமல்ல. பார்த்த இலையில் எல்லாம், குண்டூசித் தலை அளவு, பழுப்பாக. மகனைக் கூப்பிட வாய் வரவில்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டேன்.

அவன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு அதை என் கையில் கொடுத்தான்.

"பாருங்கப்பா. நடுவுல சாம்பல் இருக்குதா?"

இல்லை.

"ஓரம் விரியுதா?"

விரியவில்லை. ஒரு சின்னக் காய்ந்த புள்ளி. அதைச் சுற்றிலும் இலை பச்சை.

"சீக்கு வந்து கதவத் தட்டியிருக்குதுங்க. தட்டுன எடத்துல பயிரு தன்ற ஒடம்புலயே அந்தத் துளிய மட்டும் சாகக் குடுத்துருக்குது. உள்ள விடலீங்க. தப்பிச்ச பயிருன்னா புள்ளியே இருக்காது. இது எதுத்து நின்னுருக்குது." அவன் குரல் பழையபடி ஏறியிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவன் சொன்னதன் பொருளும் புரிந்தது.

நான் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. இலை இலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா இலையிலும் அந்தப் புள்ளிகள். பனி இறங்கும் ஒவ்வொரு நாளும் அந்த வயலில் எத்தனை ஆயிரம் கதவுகள் தட்டப்பட்டிருக்கும்! வாய் இல்லை, கண் இல்லை, ஓடி ஒளியக் கால் இல்லை. ஒரு புல். எதை விட வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? மலையடிவாரத்தில் யாரும் விரும்பிச் சாப்பிடாத ஒரு நெல்லிடம் அந்த ரகசியம் இருந்திருக்கிறது; ஒரு தலைமுறை ஒளிந்திருந்து, என் மனைவியின் மடியில் ஏறி, குருவிக்குத் தப்பி, இங்கே வந்து என் கண்ணுக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. மச்சான் கரும்புக்குள் இருப்பாரே என்று அடக்கிக்கொண்டேன்.

தை பிறந்தபோது ஓரத்துச் சம்பா சாம்பலாக நின்றது. நடுவில் வரிசைகள், ஒன்றுகூட விடாமல், பொன்னிறத்தில் தலை சாய்த்திருந்தன. மச்சான் வந்து வரப்பில் நின்று பார்த்தார். வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "விதைக்கு எனக்கும் ரெண்டு வள்ளம் எடுத்து வையுங் மாப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மகன் சொல்லி அனுப்பினான். மூன்று நாள் யாரும் வரவில்லை. என் மனைவி குளித்துவிட்டுக் கருக்கரிவாளோடு வருவதும், "வந்துட்டுப் போகட்டும், அப்புறம் அறுக்கறேன்" என்று திரும்பிப் போவதுமாக இருந்தாள். போன வருஷம் திரும்ப வாங்கிக்கொண்ட முதல் கதிர் அம்மனுக்கு இன்னும் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாய்க்கால் மேட்டில் மோட்டார் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். மகனை ஒன்றும் கேட்கவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஓரத்தில் இறங்கி, கருகிய கதிர்களைக் கையில் உருவிப் பார்த்தார். பிறகு வரிசைகளுக்குள் போனார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரை நடந்தார். திரும்பவும் நடந்தார். இடையில் எப்போதோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். வெயில் ஏறியும் அதைத் தலையில் வைக்கவில்லை.

கரையேறி என்னிடம் வந்தார். "இந்தத் தென்னையை வெட்டிடாதீங்க. வயலையும் மேடாக்கிடாதீங்க. அடுத்த வருஷமும் எனக்கு இந்த நோய் வேணும். அதை வளர்க்க உங்க பையனும் வேணும்."

பிறகுதான் சேலைத் தலைப்பில் அரிவாளைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்ற என் மனைவியைப் பார்த்தார். மகன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்போலும். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"முதல் கதிரை நீங்களே அறுங்கம்மா," என்றார். "ஆனா இந்தத் தடவை வரிசைக்கு ஒண்ணு மட்டும் எடுத்துக்குங்க."